சுவருக்குள் வைத்துப் பூசிய அம்மன்

தெருவின் பெயரைச் சொல்லமாட்டேன். திருப்பதிக்கு வந்து போகிறவர்கள் நீங்களாக ஏதாவது ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா அம்சவேணி இன்னும் உயிரோடு இருக்கிறாள். நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்தாலே இரண்டு நாள் சாப்பிடமாட்டாள்.

அம்மாவின் பயம் அவள் வாங்கிய மனையோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன்னால் அவள் துணிச்சல்காரி. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது. அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போகும்போது, மேற்பார்க்க வந்தவன் அசிங்கமாகப் பேசினான் என்று கரும்பு வெட்டும் கத்தியைக் காட்டி அவனை வரப்பு வரப்பாக ஓட வைத்தவள். நைனா, அதாவது என் அப்பா, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நைனா துலுக்காணம் கொத்தனார் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் மாதம் ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்த நேரம். சித்தாளும் கொத்தனாரும் எத்தனை பேர் வந்தாலும் போதவில்லை. என்னையும் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

வாடகை அறைகளில் அல்லாடிய பிறகு ஒரு மனை அமைந்தது. ஊருக்கு நடுவில், ஆனால் கிராமத்து விலையில். பக்கத்தில் பழைய காலத்துக் கல்மண்டபம் ஒன்று, அதன் பின்னால் சாமி இல்லாத ஒரு சின்னக் கருவறை. வௌவால்களும் ஆடுகளும்தான் குடியிருந்தன. புரோக்கர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "இங்க காத்து எப்பவும் வரும். யாரும் மாடி கட்டி மறைக்கமாட்டாங்க." அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்பதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மண்டபத்து வாசலில் நீலப் பலகை ஒன்று நின்றது. தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தார்கள். நைனாவுக்கு இரண்டும் படிக்க வராது. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான், கிரயம் முடிந்து கூரையும் போட்ட பிறகு, ஒருநாள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மண்டபம் பாதுகாக்கப்பட்ட இடமாம். எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாதாம். எங்கள் சந்துக்கு இந்தப் பக்கம் நூறு மீட்டருக்குள். அந்தப் பக்கம் வெளியே. நாங்கள் இந்தப் பக்கம்.

அன்றிலிருந்துதான் அம்மாவுக்கு அளவு டேப்பைப் பார்த்தாலே பயம். தையற்காரன் கழுத்தில் தொங்குகிற டேப்பைப் பார்த்தாலும் அப்படித்தான். தொல்லியல் இலாகாக்காரர்கள் எப்போதாவது ஜீப்பில் வந்து இறங்கி மண்டபத்தின் மூலையிலிருந்து டேப்பை இழுப்பார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் ஆள் இல்லையென்றால் வீட்டையே பார்க்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் மனிதர்கள் குடியிருக்கிற இடத்தில் சுவர் வளராமல் இருக்குமா? எங்கள் வரிசையில் சுவர்கள் லீவு நாட்களில் வளர்ந்தன. சங்கராந்தி, உகாதி, பந்த் நடக்கும் நாள் என்று ஆபீஸ் மூடியிருக்கும்போது செங்கல் வரும். அதற்கடுத்த பண்டிகையில் பூச்சு நடக்கும். பூசிய கையோடு சாணித் தண்ணீரும் கரியும் தேய்த்துப் பழசாக்கிவிடுவார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் பட்டப்பகலில் கலவை மெஷின் ஓடும், அடுக்கடுக்காக ஏறும். பகலெல்லாம் அங்கே நாலாவது மாடிக்குச் செங்கல் வைத்துவிட்டு வருகிற நைனா, சொந்த வீட்டில் ஒரு வரிசைச் செங்கல் வைக்கப் பண்டிகைக்குக் காத்திருந்தார்.

நான் பெரியவளான வருடம் மண்டபத்தைச் சுற்றியிருந்த புதர்க்காட்டுக்கு இலாகா கம்பிவேலி போட்டது. தெருப் பெண்கள் ஒதுங்கப் போகிற இடம் அதுதான். இனி எங்கே போவது? அம்மா அப்போதுதான் முதல் தடவையாகப் பயத்தை மீறிப் பேசினாள். "கக்கூசு கட்டியே ஆவணும். பொம்பளப் புள்ளய வெச்சிக்கினு நா எங்க போவேன்?" கக்கூசும் அதை ஒட்டி ஒரு சின்ன அறையும் என்று முடிவாயிற்று.

கங்கம்மா ஜாத்திரைக்காகக் காத்திருந்தோம். ஜாத்திரை வாரத்தில் திருப்பதியே வேஷம் கட்டிக்கொண்டு திரியும். மண்டபத்துக் காவல்காரர் ஆதிநாராயணனும் மேலெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு, வேப்பிலை கட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வாரம் அறைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கடைசி நாள் காலை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, எல்லோரும் கோயிலில். நைனா கக்கூசுக்குக் குழி தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை கல்லில் பட்டது.

பாறை என்று நினைத்து நைனா மண்ணை விலக்கினார். முதலில் தெரிந்தது ஒரு கால். மடித்துவைத்த கால். அப்புறம் மடி, மடியில் குழந்தை, அப்புறம் முகம். இரண்டடிப் பலகைக்கல்லில் செதுக்கிய அம்மன். மூக்கு கொஞ்சம் தேய்ந்திருந்தது. கண் அப்படியே இருந்தது. நான் குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். அது என்னைப் பார்ப்பதுபோல இருந்ததால் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நைனா குழிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"மூடிடலாம்யா," என்றாள் அம்மா முதலில்.

"மூடிட்டு? இது மேலயே கக்கூசு கட்டறதா?"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் மண்ணிலிருந்து வெளியே வந்த அம்மனைத் திரும்ப மண்ணில் போடமாட்டார்கள். அதுவும் அந்தக் குழியில்! வம்சம் விளங்காது என்பாள் அம்மா. சரி, இலாகாவிடம் கொடுக்கலாமா? ஆதிநாராயணன் முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார்: எங்கோ ஒருவர் வயலில் பழைய கல் கிடைத்ததாம், வயல் முழுக்கத் தோண்டி வேலி போட்டுவிட்டார்களாம். அவர் சொன்னது உண்மையா என்று யாருக்குத் தெரியும். அம்மாவுக்கு அது வேதவாக்கு. எங்கள் கொல்லையிலேயே சாமி கிடைத்தது என்றால், டேப்பை எங்கள் அடுப்படியிலிருந்து இழுக்க ஆரம்பிப்பார்கள். வீடு போய்விடும். வெளியே தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விடலாம் என்றால், ஜாத்திரை நாளில் அம்மனைச் சுமந்துகொண்டு தெருவில் போகிறவன் பின்னால் ஊரே கும்பிட்டுக்கொண்டு வரும்.

"கீழ வெச்சா கக்கூசு, வெளிய வெச்சா ஆபீசு," என்றார் நைனா. "நடுவுல செவுருதான் கீது."

அப்படித்தான் நடந்தது. அம்மா கல்லைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். எனக்கென்று வாங்கி வைத்திருந்த புது ரவிக்கைத் துணியைச் சுற்றினாள். நைனா எழுப்பிக்கொண்டிருந்த சுவரில், முகம் வீட்டுக்குள் பார்க்கிற மாதிரி, கல்லை நிறுத்திவைத்து இரு பக்கமும் செங்கல் அடுக்கினார். முகத்தின் மேல் கலவையை வைக்கிற நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது. "நீ வேற பக்கம் பாரு," என்று என்னிடம் சொன்னார். தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்க ஒரு அம்மனைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இன்னொரு அம்மனின் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம். பயத்தில் எனக்கு அன்று ஜுரம் வந்தது. அம்மா அதை ஜுரம் என்று நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் காரணம் சுவர்தான். நைனா சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார், சுவர். பால் திரிந்தது, சுவர். பூச்சு காய்ந்த இடத்தில் அம்மா மஞ்சளைத் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு. கேட்டவர்களுக்கு "கொலசாமி" என்றாள். எங்கள் ஊரில் சுவரில் மஞ்சள் பூசிக் குலசாமி கும்பிடுவது வழக்கம்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அறையில் யாரும் காலை நீட்டிப் படுக்கக்கூடாது. சண்டை போடக்கூடாது. நைனாவும் அம்மாவும் சண்டை போட வேண்டுமென்றால் தெருவுக்கு வருவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும்.

இதற்குள் சந்துக்கு அந்தப் பக்கம் வேறு ஊராகிவிட்டது. லாட்ஜுகள், அப்பார்ட்மெண்டுகள், எங்கெங்கிருந்தோ படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஹாஸ்டல்கள். வளர்கிற ஊர் மண்டபத்துப் பக்கம் வரும்போது மட்டும் சட்டென்று நின்றது. எங்கள் ஒற்றை வரிசை ஓட்டு வீடுகளும் ஷீட்டு வீடுகளும் பள்ளத்தில் கிடப்பதுபோலக் கிடந்தன. மாடியிலிருந்து பாக்குத் துப்பினால் எங்கள் கூரையில்தான் விழும். ஒன்றை மறுக்கமாட்டேன்: அந்த நூறு மீட்டர் இல்லையென்றால் எங்களை மாதிரிக் கூலிக்காரர்கள் ஊர் நடுவில் ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது. எங்களைக் காப்பாற்றியதும் அந்தக் கோடுதான், குரல்வளையில் கால் வைத்து நின்றதும் அந்தக் கோடுதான்.

எனக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எதிரில் பழைய லாட்ஜை இடித்துப் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். போர் போட்டார்கள், தூண் இறக்கினார்கள். வீட்டில் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது. ஒருநாள் மத்தியானம் அம்மா கத்தினாள். சுவரில் விரிசல். தரையிலிருந்து கிளம்பி நேராக மேலே ஏறி, மஞ்சள் பூசிய இடத்தின் ஓரமாக வளைந்து போயிருந்தது.

நைனா கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "செவுரு வயிறு தள்ளிக்கிச்சு. இடிச்சிட்டுத்தான் கட்டணும்."

இடித்தால் அம்மன் வெளியே வந்துவிடும். இடிக்காவிட்டால் சுவர் என் மேலோ பிறக்கப்போகிற குழந்தை மேலோ விழும். அத்தனை பெரிய லாட்ஜ் எழும்புகிற சந்தில் இப்போதெல்லாம் பண்டிகை நாளிலும் ஆள் நடமாட்டம். ரிப்பேர் செய்யவே இலாகாவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வேறு இறுகிவிட்டது. அம்மா சோறு தின்னவில்லை. நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைத்தால் சுற்றிலும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நைனா தனியாகவே வேலையை முடித்துவிடலாம், கல்லைப் புதுச் சுவருக்குள் மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

சுவரைப் பார்க்க வந்த ஆபீசர் இளவயசு. மரியாதையானவர், நெற்றியில் நாமம். விரிசலைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மஞ்சளிடம் நின்றார். விரலை நீட்டினார். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"இலவேல்பாம்மா?" என்று தெலுங்கில் கேட்டார், குலசாமியா என்று.

"ஆமா சார்," என்றாள் அம்மா.

அவர் வாசலுக்குப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். "தேவுடு உன்ன கோட, முட்டுக்கோவத்து," என்றார். சாமி இருக்கிற சுவரைத் தொடவேண்டாமாம். விரிசலை மட்டும் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொள்ளலாம், இடிக்க அனுமதி இல்லை. எங்களுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு போனார். நைனா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடமாக அம்மா பூசிய மஞ்சள் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டது, சுவரைக் கைவிட்டுவிட்டது.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. அடைத்த சிமெண்ட் பிதுங்கிப் பிதுங்கி விழுந்தது. அம்மா எங்களை முன்னறைக்கு மாற்றினாள். அவள் மட்டும் அந்த அறை வாசலில் உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். "எங்க மேல கோவம்னா என்ன எடுத்துக்கோ. புள்ளைங்கள ஒண்ணும் பண்ணாத தாயி." நான் அதட்டினால் என்னையும் வாயைப் பொத்தச் சொன்னாள். எனக்குச் சாமி பயத்தைவிட அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் சுவர் போயிற்று. இடி மாதிரிச் சத்தம் எதுவும் இல்லை. ஈர மண் சரிகிற மாதிரி, சந்துப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது செங்கல் குவியலின் மேல் அம்மன் மல்லாந்து கிடந்தாள். ஒரு கீறல் இல்லை. மழைத்தண்ணீர் முகத்திலிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தது. முதலில் கண் தெரிந்தது.

பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி பார்த்துவிட்டாள். "அய்யோ, அம்மா செவுத்தப் பொளந்துக்கினு வந்துட்டாடீ!" என்று கத்தினாள். குடை பிடித்துக்கொண்டு தெரு கூடியது. குடைக்கடியில் கற்பூரம் ஏற்றினார்கள். வெங்கடலட்சுமி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். "எனுக்கு இந்த எடந்தான் ஓணும்! இங்கதான் ஒக்காருவேன்!" என்று அவள் காட்டிய விரல் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றது.

ஆதிநாராயணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து கல்லைப் பார்த்தார். அதன் விளிம்பில் சிமெண்டு உலர்ந்து ஒட்டியிருந்தது. கிழிந்த ரவிக்கைத் துணியும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். நைனா அவரைப் பார்த்தார். அவர் காவலில் இருக்கும்போதுதான் அந்தச் சுவர் எழுந்தது. சொன்னால் அவர் வேலைக்கும் ஆபத்து. அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சொல்லு நைனா," என்றேன் நான் மெதுவாக. "நீதான் வெச்சேன்னு சொல்லிடு."

அம்மா என் வாயைப் பொத்தினாள். "சாமிய செவுத்துல வெச்சிப் பூசனவன்னு தெரிஞ்சா இவுங்க அடிச்சே கொன்னுடுவாங்க. ஆபீசுல தெரிஞ்சா ஜெயில்ல போடுவாங்க. பேசாம இரு."

நாங்கள் பேசாமல் இருந்தோம். இலாகா ஜீப் வந்தது. கல் பழங்காலத்துச் சிலை, மியூசியத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார்கள். பெண்கள் சந்தின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, அவர்களும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்கள். ஜீப் வெறுமனே திரும்பியது. இத்தனை வருடம் அம்மா எதைப் பார்த்து நடுங்கினாளோ அந்த ஜீப் எங்கள் வீட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வீட்டைக் கேட்டது தெருதான். மரியாதையாகத்தான் கேட்டார்கள். "அம்சவேணியக்கா, அம்மாவே உன் வூட்டக் கேக்குறா. நீ குடுத்துவெச்சவ." எதிர் லாட்ஜ்காரர் கம்பியும் சிமெண்டும் தருவதாகச் சொன்னார். கோயில் பக்கத்தில் இருந்தால் லாட்ஜுக்கு நல்லதுதானே. முடியாது என்று சொல்ல எங்களிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல முடியாது. நைனா தலையை ஆட்டினார். அம்மா தலையை ஆட்டினாள். அவர்கள் பயத்தில் தலையாட்டியதைத் தெரு பக்தி என்று எடுத்துக்கொண்டது.

ஒரு கக்கூசுக் குழிக்குப் பண்டிகை பார்த்துக் காத்திருந்த இடத்தில் பட்டப்பகலில் கோபுரம் எழும்பியது, மண்டபத்தைவிட உயரமாக. இலாகாவிலிருந்து நோட்டீஸ் வந்தது, அதையும் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அம்மாவும் நைனாவும் ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். நைனா அதிக நாள் இருக்கவில்லை. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தார்.

வருடா வருடம் ஆடி வெள்ளிக்கு அம்மாவைக் கூப்பிட்டு முதல் மரியாதை செய்வார்கள். மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுப்பார்கள். அம்மன் தானாகச் சுவரைப் பிளந்து வந்த கதையை அம்மா சொல்ல வேண்டும். அம்மனுக்கு முன்னால் நின்று அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்து, அம்மா ஒரு வாரம் படுத்துக்கொள்வாள். போகாதே என்றால் போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்பாள்.

போன ஆடியில் நான் கூடப் போயிருந்தேன். அம்மா மைக்கை வாங்கினாள். அம்மன் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கூட்டம் சலசலத்தது. அப்புறம் சொன்னாள்: "அம்மா தானா வரல. குழியில கெடைச்சா. எங்க வூட்டுக்காரர்தான் செவுத்துல வெச்சிப் பூசினாரு. நாந்தான் பூசச் சொன்னேன்."

கூட்டத்தைப் பார்த்தேன், எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தேன். வெங்கடலட்சுமி எழுந்தாள். இப்போது கிழவி, குரல் மட்டும் குறையவில்லை. "கேட்டீங்களா! கோயில் கட்டறவரைக்கும் அம்மாவ தன் வூட்டுக்குள்ளாற வெச்சி காப்பாத்திக் குடுத்த புண்ணியவதிடீ!" என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தாள். இன்னொரு மாலை போட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா மாலையை மடியில் வைத்திருந்தாள். ரொம்ப தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலியே கல்பனா."

"பண்ணலம்மா."

"அன்னிக்கே சொல்லி இருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பாங்களா?"

"இருந்திருப்பாங்க."

"அப்போ நாம எதுக்குடி வூட்டக் குடுத்தோம்?"

அம்மா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.